புதுப்பிப்பு: புல்பப் துப்பாக்கிக்கு ஸ்கோப் தேடிய கதை

என்னுடைய ஸ்டெயர் ஏயூஜி ஏ3 ஒரு புல்பப், அதாவது குண்டுப் பெட்டி விசைக்குப் பின்னால் இருக்கும் குட்டைத் துப்பாக்கி. அதில் 4x ஏகாக் டிஏ31 (நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்) மாட்டிவிட்டு, தலையை ஆமை மாதிரி முன்னால் நீட்ட வேண்டியிருக்கிறதே என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது ஒரு வழியாகத் தீர்ந்தது.

கோளாறு ஸ்கோப்பில் இல்லை, பொருத்தத்தில்தான். டிஏ31-க்கும் கண்ணுக்கும் இடையே ஒன்றரை அங்குலம்தான் இருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியிலோ ரெயில் (ஸ்கோப்பை மாட்டும் பட்டை) முன்பக்கமே முடிந்துவிடுகிறது, கன்னம் பின்னால் பதிகிறது. கொஞ்சம் பின்வாங்கினாலும் விளிம்பில் கறுப்புப் பிறை எட்டிப் பார்க்கும்.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கழுத்துக்குச் சுகமாகக் கன்னத்தைப் பதித்தேன். நண்பர் டேப்பால் ரெயில் முனையிலிருந்து என் கண் வரை அளந்தார். (குண்டு இல்லை என்று இருமுறை பார்த்த பிறகுதான்.) அந்த அளவை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

கடைசியில் வோர்டெக்ஸ் ஸ்ட்ரைக் ஈகிள் 1-6x (ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை மாற்றிக்கொள்ளும் ஸ்கோப்) வாங்கினேன். கண் இடைவெளி மூன்றரை அங்குலம். ஸ்கோப்பைத் தாங்கும், ஒருபக்கம் நீண்டிருக்கும் கான்டிலீவர் மவுண்டைத் திருப்பிப் போட்டு, ஸ்கோப்பைப் பின்னுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் ஒன்று: 6x-இல் வைத்துத்தான் இடத்தை முடிவு செய்யுங்கள். 1x-இல் எப்படிப் பார்த்தாலும் தெரியும், ஏமாந்துபோவீர்கள்.

ரெட் டாட் (பெரிதாக்காமல் சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) போடச் சொல்லி அப்போது சிலர் சொன்னதும் சரிதான், அதில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் எனக்கு 200 கெஜத்தில் காகித இலக்கின் வட்டங்கள் தெரிய வேண்டும். ஏகாக்கை விற்கப் போகிறேன்.