சிசேரியனுக்குப் பிறகு வலி: கடுமையான ஓபியாய்டு மருந்துகள் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி

வணக்கம். எனக்கு இரண்டாவது சிசேரியன் அடுத்த மாதம் என்று முடிவாகியிருக்கிறது. முதல் பிரசவத்தில் அறுவை முடிந்த அன்று மாலையிலிருந்தே டிராமடால் என்ற ஓபியாய்டு (மார்ஃபினைப் போன்ற, அபின் வகை வலிநிவாரணி) ஊசி போட்டார்கள். வலி குறைந்தது உண்மைதான். ஆனால் தலைசுற்றலும் வாந்தியும் விடவில்லை, குமட்டும்போதெல்லாம் தையல் போட்ட இடம் பிடித்து இழுத்தது, பால் கொடுக்கக் குழந்தையை வாங்கினால் கண் சொருகிவிடும் என்று பயந்து மடியில் வைத்துக்கொள்ளவே தயங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு மலச்சிக்கல் வேறு படுத்தியது.

இந்த முறை அந்த வகை மருந்துகள் இல்லாமல், அல்லது மிகக் குறைவாக வைத்துக்கொண்டு, வலியைத் தாங்க வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதைப் பற்றி நான் கேட்கவில்லை. எழுந்து நடக்கவும் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுக்கவும் முடிகிற அளவுக்கு வலி அடங்க வேண்டும். முதுகில் மரத்துப்போகப் போடும் ஊசியிலேயே மார்ஃபின் கலப்பார்கள் என்றும் ஒருவர் சொன்னார். அதையும் மறுத்துவிட வேண்டுமா? தாய்ப்பாலுக்கு எந்த மாத்திரை பாதகம் இல்லாதது? மருத்துவரிடம் முன்கூட்டியே என்ன பேசிவைக்க வேண்டும்?

மறுமொழி: மயக்க மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். முடியும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இன்று அப்படித்தான் திட்டமிடுகிறோம். ஆனால் அது எப்படிச் சாத்தியமாகிறது என்பது புரிந்தால்தான் நீங்கள் உறுதியோடு கேட்டுப் பெற முடியும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சிசேரியனுக்குப் பிறகு வருவது ஒரே வலி அல்ல. தோலும் அதன்கீழ் வயிற்றுத் தசைகளைப் போர்த்தியிருக்கும் உறுதியான உறையும் வெட்டித் தைக்கப்பட்டிருப்பதால், அசையும்போதும் இருமும்போதும் சுரீரென்று வெட்டும் வலி ஒன்று. கர்ப்பப்பை தன் பழைய அளவுக்குச் சுருங்கும்போது அடிவயிற்றின் ஆழத்திலிருந்து பிடித்துப் பிடித்து வரும் வலி மற்றொன்று. இவற்றோடு வாய்வு சேர்ந்துகொள்ளும். எந்த ஒரு மருந்தும் இவை எல்லாவற்றையும் முழுமையாக அடக்காது. அதனால்தான் வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுக்கிறோம்.

அடித்தளம் இரண்டே மருந்துகள். ஒன்று பாராசிட்டமால், வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம், 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவு என்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ அளவைக் குறைக்க வேண்டும். மற்றொன்று இபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் போன்ற, வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் மருந்து. இபுப்ரோஃபென் என்றால் 400 மில்லிகிராம் ஒரு நாளில் மூன்று வேளை என்பது பரவலான அளவு. கர்ப்பப்பை சுருங்கும் வலிக்கு இந்த இரண்டாவது வகைதான் நன்றாகக் கேட்கும், ஏனெனில் அந்தச் சுருக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே அது தடுக்கிறது. அறுவை முடிந்து மேசையை விட்டு மாற்றுவதற்கு முன்பே ஆசனவாய் வழியாக டைக்ளோஃபெனாக் வைத்துவிடும் வழக்கமும் உண்டு. முதுகு மரத்திருக்கும்போதே அது வேலையைத் தொடங்கிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் வலி வந்தபின் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதற்கும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. வலி ஏறிவிட்டால் மாத்திரை அதை எட்டிப் பிடிக்க ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அந்த இடைவெளியில்தான் பலர் பொறுக்க முடியாமல் டிராமடால் ஊசிக்குப் போகிறார்கள். உங்கள் மருந்துச் சீட்டில் ‘தேவைப்பட்டால்’ என்று எழுதாமல், முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நேரம் குறித்து எழுதித் தரும்படி கேளுங்கள். இரவு வேளையைத் தவறவிட்டால் விடியற்காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிடும்.

முதுகு ஊசியில் கலக்கும் மார்ஃபினை மறுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மறுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நரம்பு வழியாகவோ தசையிலோ மார்ஃபின் போடும்போது 5 முதல் 10 மில்லிகிராம்வரை போவது சாதாரணம். முதுகுத்தண்டு ஊசியில் கலப்பது 100 மைக்ரோகிராம் அளவு, அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறு துளி வலி உணர்வு முதுகுத்தண்டைக் கடக்கும் இடத்திலேயே தங்கி 12 முதல் 24 மணி நேரம்வரை பலன் தருகிறது. உடலெங்கும் பரவும் அளவு மிகக் குறைவு என்பதால் பாலில் சேர்வதும் அற்பமே. உடல் அரிப்பு பலருக்கு வரும், குமட்டலும் வரலாம். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. மூச்சு மந்தமாவது அரிது, ஆயினும் அதற்காகவே அன்றிரவு செவிலியர் உங்கள் மூச்சையும் விழிப்பையும் அடிக்கடி பார்ப்பார்கள். பிறகு பல வேளை ஓபியாய்டு ஊசி போட வேண்டிய தேவையை இந்த ஒரு துளிதான் குறைக்கிறது.

முதுகு ஊசியில் மார்ஃபின் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால், அல்லது முழு மயக்கத்தில் அறுவை நடக்க நேர்ந்தால், வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே அல்ட்ராசவுண்ட் பார்த்து மரத்துப்போகும் மருந்தை இருபுறமும் செலுத்தலாம். தையலிடும்போதே காயத்தின் ஓரங்களில் அதைப் போடுவதும் உண்டு. வெட்டுக்காயத்தின் வலிக்கு இவை நல்ல துணை. கர்ப்பப்பையின் உள்வலியை இவை தொடாது. முதுகு ஊசியில் மார்ஃபின் போட்டவர்களுக்கு இவற்றால் கூடுதலாகக் கிடைக்கும் பயன் சொற்பமே.

கடைசியாக, மனத்தில் ஒரு சபதம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவும் செய்தபின்னும் வலி மூச்சை ஆழமாக இழுக்க விடாமல் தடுத்தால், ஒன்றிரண்டு வேளை சிறிய அளவு ஓபியாய்டு எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை.

மறுமொழி: இருமுறை சிசேரியன் ஆன ஒரு தாய்

மருத்துவர் மருந்துகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். படுக்கையிலிருந்து எழுவது, இருமுவது, வாய்வு ஆகிய மூன்றும் மாத்திரையால் மட்டும் தீர்வதில்லை என்பதால் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

மல்லாந்து படுத்த நிலையிலிருந்து நேராக எழ முயலவே கூடாது. அப்போது வயிற்றின் முழு விசையும் தையலில் விழும். முழங்கால்களை மடக்கி, தோளையும் இடுப்பையும் ஒன்றாக ஒரு பக்கம் திருப்பி, கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே இறக்கிக்கொண்டே கீழிருக்கும் முழங்கையை ஊன்றி உடலைப் பக்கவாட்டில் தள்ளி எழ வேண்டும். உட்கார்ந்ததும் உடனே நிற்காமல் தலைசுற்றல் போகும்வரை காத்திருங்கள். இதை இப்போதே, வயிறு பெரிதாக இருக்கும்போதே பழகிக்கொண்டால் அறுவைக்குப் பிறகு உடல் தானாகச் செய்யும்.

இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை இரண்டு கைகளாலும் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் பாதி வலி குறைந்துவிடும். அடிவயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையும் இதே வேலையைச் செய்கிறது. எனக்கு முதல் முறை நடந்தபோது வயிறு கழன்று விழுவதுபோன்ற அச்சம் இருந்தது, பட்டை கட்டிய இரண்டாம் முறை அது இல்லை. மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

வாய்வு வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். குடல் மந்தமாகி வாயு தேங்கும்போது விலாவுக்கும் தோள்பட்டைக்கும்கூடக் குத்தும். முதல் முறை நான் அதைத் தையல் வலி என்றே எண்ணியிருந்தேன். அதற்கு வலிமாத்திரையைக் காட்டிலும் நடைதான் மருந்து. கட்டிலிலிருந்து கழிவறை வரை, பிறகு கூடத்தின் முனை வரை என்று நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லச் சொல்லி எனக்குக் கொடுத்தார்கள், அது குடலை விரைவில் இயங்கச் செய்கிறது என்று விளக்கினார்கள். மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள், முக்கி வெளியேற்றும் நிலை வரவே கூடாது.

பால் கொடுக்கும்போது குழந்தையின் உடல் காயத்தின்மேல் படாமல், பக்கவாட்டில் உங்கள் அக்குளுக்கடியில் கால்கள் பின்னோக்கி இருக்குமாறு வைத்துக்கொள்வதும், ஒருக்களித்துப் படுத்தபடி கொடுப்பதும் வசதியானவை.

மறுமொழி: மகப்பேற்றுப் பிரிவுச் செவிலியர்

தாய்ப்பால் பற்றிய கேள்விக்கு என் பங்கு. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பாலில் மிகச் சிறிய அளவே சேர்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு முதலில் தேர்ந்தெடுக்கப்படுபவை இவையே. வலிக்கென்று ஆஸ்பிரின் சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும். கோடீனும் டிராமடாலும் வேறு விதமானவை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி இவற்றை மாற்றிய பிறகே இவற்றின் முழு வலிமை வெளிப்படுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மிக வேகமாக வேலை செய்யும். அப்போது தாயின் இரத்தத்திலும் பாலிலும் எதிர்பாராத அளவு மருந்து சேர்ந்து குழந்தை மயங்கிக் கிடக்கலாம், மூச்சும் குறையலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்று எச்சரித்தது இதனால்தான். எந்த ஓபியாய்டு எடுத்துக்கொண்டாலும், குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறதா, சப்பும் வேகம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இது உங்களுக்கு இரண்டாவது குழந்தை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்குவதால் அடிவயிறு பிடித்து இழுக்கும். முதல் பிரசவத்தைவிட அடுத்தடுத்த பிரசவங்களில் இது கடுமையாக இருக்கும். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பல தாய்மார்கள் கலங்கிப்போவதைக் கண்டிருக்கிறேன். மாத்திரை வேளையைப் பால் கொடுக்கும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்னால் அமையும்படி வைத்துக்கொண்டு, சிறுநீரையும் கழித்துவிட்டு உட்கார்ந்தால் வேறுபாடு தெரியும். வெந்நீர்ப் பையை முதுகில் வைக்கலாம். காயத்தின்மேல் வைக்க வேண்டாம், அந்தப் பகுதி மாதக்கணக்கில் மரத்திருக்கும் என்பதால் சுட்டாலும் தெரியாது.

மாத்திரையைக் கூட்டி அடக்கக் கூடாத வலிகளும் உண்டு. குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறினால், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், காயம் சிவந்து சீழ் வடிந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், பார்வை மங்கித் தலைவலித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி முதுகு ஊசியின் விளைவாக இருக்கலாம். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படிக்கப் படிக்கத் தைரியம் வருகிறது. ஒரு சந்தேகம் மட்டும். எனக்குச் சிறுவயதிலிருந்து ஆஸ்துமா உண்டு, ஒருமுறை ஆஸ்பிரின் சாப்பிட்டபோது இழுப்பு அதிகமாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படியானால் இபுப்ரோஃபென் எனக்கு ஆகுமா?

மறுமொழி: மயக்க மருத்துவர்

இதைக் கேட்டது மிக நல்லது. ஆஸ்பிரினால் இழுப்பு வந்தவருக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், கெட்டோரோலாக் எல்லாமே அதே ஆபத்தைத் தரக்கூடியவை. நீங்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆசனவாய் வழியாக வைப்பதும் இதில் அடங்கும். இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு ஆகியவை உள்ளவர்களும் இந்த வகையை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தொடக் கூடாது.

உங்கள் நிலையில் முதுகு ஊசியில் கலக்கும் அந்தச் சிறிய அளவு மார்ஃபினின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அதோடு நேரம் தவறாத பாராசிட்டமால், காயத்தில் மரத்துப்போகும் மருந்து, குழந்தை பிறந்தபின் நரம்பு வழியாக ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஆகியவை சேர்ந்தால் பெரும்பகுதி வலி அடங்கும். நீரிழிவு இருந்தால் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாத பெரும்பாலோருக்கு செலிகாக்ஸிப் என்ற வலிமாத்திரை ஒத்துக்கொள்கிறது, பால் கொடுக்கும்போதும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் வேளையை மருத்துவமனையில், கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். கர்ப்பப்பைச் சுருக்கத்தின் வலி உங்களுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியக்கூடும், எனவே ஒன்றிரண்டு வேளைக்குச் சிறிய அளவு மார்ஃபின் மாத்திரையைக் கைவசம் எழுதிவைக்கச் சொல்லுங்கள். டிராமடால் வேண்டாம் என்பதையும், முன்பு அதனால் நேர்ந்த வாந்தியையும் தெரிவியுங்கள்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்குச் செல்லும் நாளில் மகப்பேறு மருத்துவரிடம் மட்டுமல்லாமல் மயக்க மருத்துவரிடமும் ஆஸ்பிரின் விவரத்தை நீங்களே சொல்லி, நோயாளிக் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு இருக்கப்போகிறவருக்கும் அந்த மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரவுப் பணிக்கு வரும் புதியவர் ஒருவர் வழக்கமான டைக்ளோஃபெனாக் ஊசியோடு வந்தால், நீங்கள் தூக்கத்தில் இருந்தாலும் உங்களோடு இருப்பவர் தடுத்துவிடலாம்.