சூறைக்காற்று எச்சரிக்கை: சைரன் மட்டும் போதுமா, சனங்க எங்கே ஒதுங்குறது?

வாழைத்தோப்பு_சோழவந்தான்:
சித்திரை, வைகாசியில கோடை மழைக்கு முன்னால அடிக்கிற சூறைக்காற்றுக்கு எங்க ஊராட்சியில ஒரு ஏற்பாடு செய்யப் பேச்சு நடக்குது. செல்லுக்கு வர்ற எச்சரிக்கை "மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்"னுதான் இருக்கு. மேலூர்ல அடிச்சாலும் அதே, உசிலம்பட்டியில அடிச்சாலும் அதே. அமெரிக்காவுல டொர்னாடோவுக்கு (மேகத்துல இருந்து தரை வரைக்கும் இறங்கிச் சுழலுற காற்று) இருக்கிற மாதிரி ஒரு சைரன் வச்சு, சமுதாயக் கூடத்துல (60க்கு 40 அடி, தகர ஷீட் கூரை) ஆட்களை ஒதுக்கலாமா?

மேகக்கணக்கு:
எச்சரிக்கை ஏன் பொத்தாம்பொதுவா வருதுன்னு முதல்ல பாருங்க. மழை மேகத்தைப் பார்க்கிற காரைக்கால் வானிலை ரேடார் மதுரைக்கு 215 கி.மீ. தள்ளி இருக்கு. 0.5 டிகிரி சாய்வுல கிளம்புற கதிர், பூமியோட வளைவையும் சேர்த்தா, மதுரை வரும்போது 4.5 கி.மீ. உயரத்துக்கு மேல போயிடும். கொச்சி, திருவனந்தபுரம் ரேடார்களும் 200 கி.மீ. தூரம்தான், நடுவுல மலை வேற. மேகத்தோட தலை தெரியும்; அதோட அடியில இருந்து கொட்டி நாலாபக்கமும் பரவுற குளிர்காற்று தெரியாது. வாழையைச் சாய்க்கிறது அந்தக் காற்றுதான். நம்ம பக்கத்து ஆபத்து டொர்னாடோ இல்ல, இது. புழுக்கமான சாயங்காலம் திடீர்னு சில்லுனு காற்றும் புழுதியும் கிளம்பினா, மிஞ்சிப்போனா சில நிமிஷம்தான் இருக்கு. மின்னலுக்கு 'தாமினி' செயலி பக்கத்துல விழுறதைக் காட்டும். மேற்கே இடி கேட்டதுமே ஒருத்தர் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

மைக்செட்_ஒயர்மேன்:
சைரனை நம்பி ஏமாந்த ஊர் ஜோப்ளின், மிசௌரி. 2011 மே 22. சாயங்காலம் 5.11க்கு ஊதுச்சு, மறுபடி 5.38க்கு. நடுவுல 5.34க்கே டொர்னாடோ தரையைத் தொட்டிருச்சு. அடிக்கடி கேட்டுப் பழகின சத்தம்; முதல் தடவை ஊதினதும் வானத்தைப் பார்த்துட்டுப் பலர் நகரவே இல்ல. 150 பேருக்கு மேல செத்தாங்க. சைரன் வெளியில நிக்கிறவங்களுக்குத்தான், வீட்டுக்குள்ள டிவி ஓடுற இடத்துக்கு எட்டாது.

நம்ம ஊர்ல இன்னொரு வம்பு, சித்திரை மாசம் பூரா குழாய் ஸ்பீக்கர் பாடிக்கிட்டே இருக்கும். அதனால வேற எதுக்கும் பயன்படுத்தாத ஒரே சத்தம், பின்னால "மேற்கே இருந்து காற்று வருது, தோப்பை விட்டு வாங்க"ன்னு தெரிஞ்ச குரல்ல பேச்சு. காற்று வர்றதுக்கு முன்னாடியே கரண்ட் போயிடும். 12 வோல்ட் பேட்டரியில ஓடுற ஆம்ப்ளிஃபையரா வாங்குங்க, மாசம் ஒருதடவை மெயினை அணைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அப்பத்தான் டெர்மினல்ல பூத்த உப்பு கண்ணுல படும்.

கொத்துக்கரண்டி:
அந்தக் கூடத்துக்குள்ள தயவுசெஞ்சு யாரையும் அனுப்பாதீங்க. 100 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ அழுத்தும். அதே ஒரு சதுர மீட்டர் ஷீட்டோட எடை 5 கிலோ இருந்தா அதிகம். கூரையோட ஓரத்துலயும் மூலையிலயும் காற்று ஷீட்டை மேல இழுக்கிறது இன்னும் கூடுதல். ஷீட்டைப் பிடிச்சிருக்கிற கொக்கி மாதிரி ஜே போல்ட் துருப்பிடிச்சு, வாஷர் வெடிச்சிருந்தா முதல் ஷீட் அங்கேதான் கிளம்பும். அது கிளம்பினா காற்று உள்ள புகுந்து மத்ததையும் தூக்கும். ஷட்டர் திறந்து கிடந்தாலும் இதே கதை.

கான்கிரீட் தளம் போட்ட பள்ளிக்கூட வகுப்பறைதான் சரி. டொர்னாடோ புகலிடத்துக்கான அமெரிக்க வழிகாட்டிக் கணக்குல உட்கார்ற ஆளுக்கு 5 சதுர அடி, சக்கர நாற்காலிக்கு 10, படுக்கையில இருக்கிறவங்களுக்கு 30. 20க்கு 20 அறையில பெஞ்சு போக 65 சதவீதம் இடம்னு வச்சா 52 பேர். ஜன்னல் இல்லாத சுவரோரம் உட்கார வைங்க. கடைசி இடிக்கப்புறம் 30 நிமிஷம் வெளியே விடாதீங்க.

வாழைத்தோப்பு_சோழவந்தான்:
பள்ளிக்கூடம் மே மாசம் பூட்டித்தானே கிடக்கும்?

கொத்துக்கரண்டி:
அதாண்ணே பெரிய ஓட்டை. காற்று அடிக்கிற மாசத்துலதான் கதவு பூட்டு. தலைமை ஆசிரியர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, ஒரே அறைக்கு மூணு சாவி போடுங்க. மூணும் பள்ளியில இருந்து 200 மீட்டருக்குள்ள இருக்கிற மூணு வீட்டுல இருக்கட்டும். சாவி இருக்கிற வீட்டு வாசல்ல சிவப்பு பெயின்ட் அடிச்சுடுங்க.