சந்தைத் தொட்டியை எங்கே வைப்பது

குமார்: சந்தைப்பேட்டை முனையில் சாக்கடை வேலை தொடங்கிவிட்டது. நம் கல்தொட்டி வழியில் நிற்கிறதாம். திங்கள்கிழமைக்குள் எடுக்காவிட்டால் ஜேசிபியால் தள்ளிவிடுவேன் என்கிறார் மேஸ்திரி.

பாண்டி சித்தப்பா: தள்ளினால் இரண்டாகப் பிளந்துவிடும்

மீனா அக்கா: போட்டோ போடு

குமார்: 📷

மீனா அக்கா: அய்யோ, குப்பை கொட்டி வைத்திருக்கிறார்களே

ராமு பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். சின்னவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். 1959இல் வைகை அணை திறப்பதற்கு முன்பே மாடுகள் தண்ணீர் குடிக்க அய்யா வைத்த தொட்டி இது. சந்தைக்கு முதல் நாள் ராத்திரியே மாட்டு வண்டிகள் வந்து நிற்கும், பக்கத்துக் கிணற்றில் கமலை இறைத்தால் தண்ணீர் ஓடி வந்து தொட்டியில் விழும். அடியில் ஒரு துளை இருக்கும் பாருங்கள், அதில் துணி சுற்றிய கட்டையை அடைத்திருப்பார்கள், பாசி தேய்த்துக் கழுவும்போது பிடுங்கிவிடுவார்கள். அந்தக் கிணறு முதலில் படிக்கிணறு. நரம்புச் சிலந்தி என்கிற புழு நோய் வந்தவர் புண்காலோடு படியில் இறங்கினால் புழு தண்ணீரில் குஞ்சு விடும், அதைத் தண்ணீரில் இருக்கும் பொடிப் பூச்சி தின்னும், அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலைப் பொத்துக்கொண்டு புழு வெளியே வரும். அதனால்தான் படியை மூடிச் சுவர் எழுப்பினார்கள், பின்னால் அடிகுழாயும் வந்தது. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000இல்தான்.

சரவணன் மச்சான்: மாமா, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்

செல்வி அத்தை: அய்யா வைத்தார், சரி. காசு யாருடையது? அம்மாவின் காதுத் தண்டட்டி. கல்லில் மட்டும் அய்யா பெயர்.

ராமு பெரியப்பா: செல்வி, அது குடும்பத்துக்குள் பேச வேண்டியது.

செல்வி அத்தை: இது என்ன குழு அண்ணே?

மீனா அக்கா: 😂😂

பாண்டி சித்தப்பா: சண்டை வேண்டாம். என் வீட்டு முன்னால் வைத்துக்கொள்கிறேன்

செல்வி அத்தை: மேட்டுக்காட்டை வைத்துக்கொண்ட மாதிரியா

பாண்டி சித்தப்பா: 🙏

சரவணன் மச்சான்: தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. அழகர் எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் பந்தல் உண்டா இல்லையா? மோரா பானகமா?

பாண்டி சித்தப்பா: பானகம். மோர் வெயிலில் புளித்துவிடும்

மீனா அக்கா: மோர்தான். பானகத்துக்கு ஈ மொய்க்கிறது

ராமு பெரியப்பா: ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரமே இருக்கிறது. வழிப்போக்கருக்கு

செல்வி அத்தை: பார்த்தீர்களா, அவர் பெயர் மட்டும் நிற்கிறது. எங்கள் அம்மா பெயர் எங்கே?

குமார்: பெரியப்பா, அத்தை, மேஸ்திரிக்கு என்ன சொல்ல? நாலு பேர் தூக்குகிற கனமில்லை அது.

மீனா அக்கா: மாட்டாஸ்பத்திரி வாசல்? அங்கே குழாய் இருக்கிறது. ஊசி போட வருகிற மாடாவது குடிக்கும்

பாண்டி சித்தப்பா: நல்ல யோசனை. டாக்டரம்மாவிடம் யார் கேட்பது

ராமு பெரியப்பா: முறைப்படி மனு எழுதித்தான் கேட்க வேண்டும். நான் எழுதுகிறேன்.

சரவணன் மச்சான்: மாமா, ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்

குமார்: கிரேனுக்கு மூவாயிரம் கேட்கிறார். ஆளுக்கு எவ்வளவு?

பாண்டி சித்தப்பா: சாயங்காலம் பேசுவோம்

செல்வி அத்தை: மூவாயிரமும் நான் தருகிறேன். அம்மா பெயரை வெட்டிய பிறகுதான் தொட்டி இறங்க வேண்டும். கல்தச்சரிடம் பேசிவிட்டேன்.

ராமு பெரியப்பா: அய்யா பெயருக்கு மேலேயா, கீழேயா?

மீனா அக்கா: அப்பா 🤦

சரவணன் மச்சான்: சரி, மோர் என்று முடிவா?