நடு ஸ்டேஷனில் மூன்று வண்டிகள் சிக்கிக்கொள்கின்றன, வழி வேண்டும்

தோட்ட ரயிலில் (தோட்டத்தில் ஓடும் மாதிரி ரயில்) ஆறு பேர் சேர்ந்து ஓட்டும்போது, தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் நடு ஸ்டேஷனில் எல்லாம் நின்றுவிடுகிறது. கடைசி மூன்று முறையும் இதே கதை.

45 மி.மீ. தண்டவாளம், 1:20.3 அளவு. பேட்டரி என்ஜின்கள், ரேடியோ கட்டுப்பாடு. இவற்றில் கோளாறு இல்லை. ஒற்றைப் பாதை, இரு முனையிலும் யார்டு, நடு ஸ்டேஷனில் ஒரே கிராசிங் லூப் (எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க உதவும் இணைப் பாதை). அதில் 3.6 மீட்டர் நிற்கலாம். என்ஜின், ஐந்து பெட்டி, பிரேக் வேன் சேர்ந்தாலே 3.5 மீட்டர். அங்கே மூன்று சைடிங் (பெட்டிகளை விடும் கிளைப் பாதை). எந்தத் திசையில் வந்தாலும் ஒன்றாவது எதிர்முகமாக, அதாவது வண்டி போகும் திசையிலேயே பிரிவதாக, அமைகிறது. அதில் பெட்டிகளைத் தள்ளிவிட என்ஜின் பெட்டிகளைச் சுற்றி மறுமுனைக்கு வர வேண்டும், லூப் காலியாக இருக்க வேண்டும். எதிர் வண்டி உள்ளே வந்துவிட்டால் அது நடக்காது. அதற்குள் பின்னால் மூன்றாவது வண்டி அந்தப் பாதைப் பிரிவின் டோக்கனோடு (அதில் ஓட ஒரே வண்டிக்குத் தரும் அனுமதி அடையாளம்) லூப்புக்கு வெளியே வந்து நின்றுவிடும். பிறகு யாருமே நகர முடியாது.

புறப்படும்போது நான்கு பெட்டி என்று குறைத்தோம். நடுவில் இரண்டைச் சேர்த்ததும் ஆறாகி லூப்பில் அடங்கவில்லை. 4:1 வேகக் கடிகாரத்தை (நிஜ நேரத்தைவிட நான்கு மடங்கு வேகமாக ஓடுவது) விட்டு வரிசைப்படி ஓட்டினோம். தாமதம் குறைந்தது, சிக்கல் குறையவில்லை. மூன்றாவது வண்டியை யார்டிலேயே நிறுத்தினால் சிக்கல் வராது, ஆனால் இரண்டு பேர் அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கிறார்கள். பாதை முழுக்கச் சரிவு, இரண்டாவது லூப்புக்குச் சமதளம் கிடையாது.

ஒரே லூப் உள்ள பாதையில், நடு ஸ்டேஷன் ஷண்டிங்குக்கு (பெட்டிகளைச் சேர்ப்பது, பிரிப்பது) தனி என்ஜினும் ஆளும் வைப்பதா, அல்லது ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்முகமான (பின்னோக்கித் தள்ளி நுழையக்கூடிய) சைடிங்கை மட்டும் கவனிப்பதா, எது உங்களுக்குக் கைகொடுத்தது?