பிந்தி விதைத்த பருத்தி: செடி செழிப்பு, பஞ்சு மட்டம். ஏன்?

கேள்வி:
வணக்கம். இரண்டு வயல்களிலும் ஒரே ரகம், ஒரே உரம், ஒரே பாசனம். முன்பயிர் அறுவடை இழுத்துவிட்டதால் ஒன்றில் மட்டும் விதைப்பு ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்தச் செடிகள்தான் உயரமாக, கருகருவென்று நிற்கின்றன. ஆனால் காய் குறைவு. மேல் காய்கள் பாதி வெடித்து நின்றுவிட்டன. சுளை விரியாமல் கெட்டியாக ஒட்டிக் கிடக்கிறது. சோதனையில் மைக்ரோனேர் 3.1 வந்தது, முந்தி விதைத்ததற்கு 4.1. எண் குறைந்தால் இழை மெல்லியது என்றுதானே பொருள்? பிறகு ஏன் மட்டம் என்று ஒதுக்குகிறார்கள்? நீளமும் பெரிதாகக் குறையவில்லையே!

பதில்:
அந்த எண்ணை மட்டும் வைத்து மகிழ வேண்டாம். குறிப்பிட்ட எடைப் பஞ்சின் ஊடே காற்று எவ்வளவு எளிதில் போகிறது என்பதைத்தான் மைக்ரோனேர் காட்டுகிறது. இழை இயல்பிலேயே மெல்லியதாக இருந்தாலும் எண் குறையும். இழையின் சுவர் தடிக்காமல் முதிராது போனாலும் குறையும். ஒரே ரகம் என்பதால் உங்களுடையது முதிர்ச்சிக் குறைவுதான்.

பூ மலர்ந்ததிலிருந்து சுமார் மூன்று வாரம் இழை நீள்கிறது. அது முடியும் தறுவாயில் தொடங்கி, மேலும் மூன்று நான்கு வாரம் உட்சுவரில் செல்லுலோஸ் படிகிறது. இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்தப் படிவு மந்தமாகிவிடும். உங்கள் வயலில் நீளும் காலம் வெதுவெதுப்பில் கழிந்து, தடிக்கும் காலம் குளிரில் மாட்டியிருக்க வேண்டும். நீளம் தப்பியதும் முதிர்ச்சி போனதும் அதனால்தான். முதிராத இழை சாயத்தைச் சீராக ஏற்காது. நூலில் முடிச்சும் விழும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியென்றால் எவ்வளவு முந்தி விதைக்கிறோமோ அவ்வளவு நல்லதா?

மற்றொரு பதில்:
இல்லை. மண் வெப்பநிலை 16 டிகிரியைத் தாண்டாமல் விதைத்தால் முளைப்பு சோர்ந்து, நாற்று அழுகும். இன்னொரு பக்கம், பூக்கும் காலம் கடும் வெயிலில் விழுந்தால் மகரந்தம் கெட்டு, சப்பையும் (பூமொட்டு) பிஞ்சும் கொட்டும். காய் முற்றுவதும் கொதிக்கும் வெயிலில் என்றால் மைக்ரோனேர் 5-ஐத் தாண்டி இழை முரடாகிவிடும். எனவே குளிர் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசியாக நம்பக்கூடிய பூவுக்கும் அந்த நாளுக்கும் இடையில் ஏழெட்டு வாரமாவது வேண்டும்.

உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிந்திய செடி வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்களில் முளைத்து, காய்க்கிளையை விட்டுவிட்டுத் தழையில் வளர்ந்திருக்கிறது. பிந்துவது உறுதி என்றால் குறுகிய கால ரகம், நெருக்கமான நடவு, குறைந்த தழைச்சத்து; அதையும் பூக்கத் தொடங்கும் முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு தலைமுறை தலைமுறையாகப் பெருகிப் பிந்திய காய்களில்தான் குவியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேட்டவர்:
மேலே இன்னும் பச்சைக் காய்கள் இருக்கின்றன. விட்டு வைக்கலாமா?

மற்றொரு பதில்:
சில காய்களைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதைத்தோல் பழுப்பேறி, கத்தியோடு பஞ்சு நூலாக இழுபட்டால் முற்றிவிட்டது, விடலாம். விதை வெளுத்துக் கூழாக இருந்தால் காத்திருந்து பயனில்லை, புழுவுக்குத்தான் இரை. அடிக்காய்ப் பஞ்சையும் மேல்காய்ப் பஞ்சையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். கலந்தால் நல்ல பஞ்சும் மட்டக் கணக்கில் போய்விடும்.