திராட்சை ஃப்ளோட்: பன்னீர் திராட்சையைக் காய்ச்சுவதா, போவோண்டோவைத் திறப்பதா?

திண்டுக்கல்_மருமகன்:
மே மாதம் இரண்டாவது ஞாயிறு, மாமியார் வீட்டு மொட்டை மாடியில் குடும்பம் கூடுகிறது. சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து 40 பேர். கத்திரி வெயில் நேரம். கண்ணாடி டம்ளரில் திராட்சைச் சாறு, சோடா, மேலே ஒரு உருண்டை வெனிலா ஐஸ்கிரீம் மிதக்கவிட்டுக் கொடுக்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இப்போது வீட்டில் இரண்டு கட்சி. பன்னீர் திராட்சை வாங்கிக் காய்ச்சு என்கிறது ஒன்று. நாலு பெரிய பாட்டில் போவோண்டோ வாங்கினால் வேலை முடிந்தது என்கிறது இன்னொன்று. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

விருதுநகர்_வேலு:
இதில் பேச என்ன இருக்கிறது மாப்பிள்ளை? போவோண்டோதான். 1916இல் எங்கள் ஊரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் சரக்கு. 2017இல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் சொன்னபோது கடைக்காரர்கள் தேடிப் போனதும் இதைத்தான். திராட்சை வாசம் அதிலேயே இருக்கிறது, கேஸ் நன்றாக ஏறும், முதல் டம்ளரும் நாற்பதாவது டம்ளரும் ஒரே ருசி. 40 பேருக்கு அடுப்படியில் நின்று திராட்சை காய்ச்சுகிறவன் பந்தியில் உட்கார மாட்டான்.

அடுப்படி_அகிலா:
வேலு அண்ணே, ஊர்ப்பாசம் புரிகிறது. ஆனால் வெனிலா ஐஸ்கிரீமே இனிப்பு. அதன் கீழே இன்னொரு இனிப்பை ஊற்றினால் பாதி டம்ளரிலேயே திகட்டிவிடும். புளிப்பு வேண்டும். அதைத் தருவது பழம்தான்.

தம்பி, தேனிப் பக்கத்துப் பன்னீர் திராட்சை உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. 2 கிலோ வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள், மருந்து தெளித்திருப்பார்கள். 400 மி.லி. தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும் வரை பத்து நிமிடம் சூடாக்கிப் பருப்பு மத்தால் லேசாக மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள். விதை உடைந்தால் சாறு துவர்க்கும், அப்புறம் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் போகாது. வடிகட்டிய சாற்றில் 800 கிராம் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி ஆறவைத்து ஃபிரிஜ்ஜில் வையுங்கள். முந்தின நாளே முடிந்துவிடும், நீங்களும் பந்தியில் உட்காரலாம்.

டம்ளருக்கு 40 மி.லி. சாறு, 120 மி.லி. வெறும் சோடா, ஒரு உருண்டை. அவ்வளவுதான்.

விருதுநகர்_வேலு:
அவ்வளவுதானா? சாறு கெட்டியாக அடியில் தங்கும், சோடா மேலே நிற்கும். கலக்க ஸ்பூன் போட்டால் கேஸ் போய்விடும். கடைசியில் பிள்ளைகள் குடிப்பது இளஞ்சிவப்புத் தண்ணீர். பாட்டிலில் அந்தத் தொல்லையே இல்லை.

அடுப்படி_அகிலா:
சாற்றை முதலில் ஊற்றிக் கொஞ்சம் சோடா விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கொள்ள வேண்டும். மீதிச் சோடாவை டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்ற வேண்டும். கேஸ் எங்கும் போகாது.

கணக்குப்பிள்ளை:
அகிலா மேடம், ஒரு சின்னக் கணக்கு. 800 கிராம் சர்க்கரையை 40 டம்ளருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20 கிராம். பழத்தின் சொந்தச் சர்க்கரை ஒரு ஐந்து கிராம் சேரும். பாட்டில் குளிர்பானங்களில் பொதுவாக 100 மி.லி.க்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். 150 மி.லி. ஊற்றினால் 15 கிராம். ஆக உங்கள் வீட்டுச் சாறுதான் இனிப்பு அதிகம். திகட்டும் என்ற வாதம் இங்கே யார் பக்கம் திரும்புகிறது?

விருதுநகர்_வேலு:
சபாஷ்!

அடுப்படி_அகிலா:
நான் சொன்னது ஐஸ்கிரீம் இல்லாமல் குடிக்கும் சாற்றின் அளவு. ஃப்ளோட்டுக்குச் சர்க்கரையைப் பாதியாக்கலாம், 400 கிராம் போதும். அப்போது ஆளுக்கு 15 கிராம், உங்கள் பாட்டில் கணக்கேதான். ஆனால் நாக்கு கிராம் கணக்கு பார்ப்பதில்லை. திராட்சையின் புளிப்பும் தோலிலிருந்து இறங்கும் லேசான துவர்ப்பும் இருப்பதால் அதே 15 கிராம் பழச்சாற்றில் தெரியாது. போதாவிட்டால் மொத்தச் சாற்றுக்கும் ஒரு எலுமிச்சை பிழியுங்கள்.

நாட்டுமருந்து_நடராசன்:
இரண்டு கட்சியுமே தப்பு. பாலும் புளிப்புப் பழமும் சேரக் கூடாது என்று நம் வைத்தியத்தில் சொல்லியிருக்கிறது. ஐஸ்கிரீம் பால். திராட்சை புளிப்பு. அதற்கு மேல் எலுமிச்சை வேறு! வெயிலுக்கு நன்னாரி சர்பத் கொடுங்கள், வயிறும் குளிரும்.

லேப்_ஆனந்தி:
நடராசன் ஐயா, திரிவது உண்மைதான். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்; அது 4.6 பக்கம் வந்தால் பால் புரதம் கட்டி தட்டும். திராட்சைச் சாறு அதைவிடப் புளிப்பு. கோலா வகைப் பானங்கள் இன்னும் அதிகம், ஆகவே இதில் வேலு அண்ணனும் தப்ப முடியாது. எந்த ஃப்ளோட்டையும் கால் மணி நேரம் வைத்தால் ஓரத்தில் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். பார்க்கத்தான் நன்றாக இருக்காது. தயிரையும் பனீரையும் சாப்பிடும் நமக்கு அது விஷம் அல்ல. குளிர்ச்சியாக இருக்கும்போதே குடித்துவிட்டால் துணுக்கே தெரியாது. எலுமிச்சையை மட்டும் விட்டுவிடுங்கள், திரிவதை அது வேகப்படுத்தும்.

அன்னாசி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பச்சை அன்னாசிச் சாற்றில் ஐஸ்கிரீம் போட்டால் கசக்கும். அதிலுள்ள புரோமலின் என்ற நொதி பால் புரதத்தை உடைக்கிறது. கொதிக்கவைத்து ஆற்றினால் அந்தக் கசப்பு வராது.

கேஸ் சண்டைக்கும் ஒரு வார்த்தை. யார் எதை ஊற்றினாலும் ஜில்லென்று இருக்க வேண்டும். 30 டிகிரியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் கரியமில வாயுவைப் போல சுமார் இரண்டரை மடங்கு 0 டிகிரியில் கரைந்திருக்கும். மாடியில் வெயிலில் கிடந்த பாட்டிலைத் திறந்தால் பாதி கேஸ் அங்கேயே போய்விடும்.

நாட்டுமருந்து_நடராசன்:
பி.எச். தெரியாத காலத்திலேயே சொன்னார்கள் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள் அம்மா.

விருதுநகர்_வேலு:
ஆனந்தி, அப்படியானால் ஐஸ்கிரீமை முதலில் போட்டு மேலே ஊற்றுவதா, ஊற்றிவிட்டு மேலே போடுவதா? கடைகளில் இரண்டும் பார்க்கிறேன். எனக்குப் பிடித்தது முதல் வகை. நுரை பொங்கி நிற்கும், அந்த நுரைக்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

லேப்_ஆனந்தி:
ஐஸ்கிரீமில் இருக்கும் காற்றுக் குமிழிகளும் சொரசொரப்பான பனித்துகள்களும்தான் கேஸை வெளியே இழுக்கின்றன. பாலின் புரதமும் கொழுப்பும் அந்த நுரையை உடையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நேராக அதன் தலையில் ஊற்றினால் எரிமலைதான். 40 டம்ளர் வழிந்தால் மாடி முழுக்க எறும்பு. ஊற்றிவிட்டு, மூன்று விரல் இடம் விட்டு, உருண்டையை மெதுவாக இறக்குங்கள்.

அடுப்படி_அகிலா:
இந்த ஒரு விஷயத்தில் நான் வேலு அண்ணன் கட்சி. நுரை இல்லாத ஃப்ளோட் எதற்கு? பெரிய டம்ளர் எடுங்கள், வழியாது.

இன்னொன்று தம்பி, ஐஸ்கிரீம் டப்பாவின் லேபிளைப் படித்து வாங்குங்கள். ஃப்ரோசன் டெசர்ட் என்று போட்டிருந்தால் அதில் இருப்பது தாவர எண்ணெய். மலிவாகக் கிடைக்கும், ஆனால் புளிப்புச் சாற்றோடு சேரும்போது வாயில் மெழுகு ஒட்டியது போல இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
உருண்டைக்கு 60 மி.லி. என்றால் 40 பேருக்கு 2.4 லிட்டர். பிள்ளைகள் இரண்டாவது கேட்பார்கள், 3 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். சோடா 4.8 லிட்டர், 600 மி.லி. பாட்டிலில் எட்டு. பத்தாக வாங்கி வையுங்கள். கரண்ட் போகும் ஊராக இருந்தால் காலையிலேயே காகித டீ கப்பில் உருண்டைகளைப் போட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் டப்பாவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

திண்டுக்கல்_மருமகன்:
திராட்சை கட்சிக்குப் போகிறேன். மனைவியும் அதே கட்சி என்பது வேறு விஷயம். வேலு அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாமனாருக்குச் சர்க்கரை. எல்லோரும் குடிக்கும்போது அவர் கையில் என்ன கொடுப்பது?

விருதுநகர்_வேலு:
கோபமெல்லாம் இல்லை. ஆனால் ஒரு பெரிய பாட்டிலைக் கட்டாயம் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு வையுங்கள். சாறு தீர்ந்தபிறகு வரும் சொந்தக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நாட்டுமருந்து_நடராசன்:
மாமனாருக்கு அதே சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போதும். இஞ்சி இருந்தால் ஒரு துண்டு தட்டிப் போடுங்கள். சர்பத் என்று நான் சொன்னது அவருக்கு அல்ல, அதிலும் சர்க்கரைதான்.