சதுரமும் செவ்வகம்தான் என்று எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேருக்கு மாலையில் கணக்கு சொல்லித்தருகிறேன். 3 வாரமாக நாற்கரத்திலேயே நிற்கிறோம். சதுரத்தை வரைந்து "இது செவ்வகமா?" என்றால் 9 பேர் "இல்லை டீச்சர், சதுரம்" என்கிறார்கள்.

நான்கு கோணமும் 90° என்றால் செவ்வகம் என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சதுரத்துக்கும் 90° தானே என்றால் முழிக்கிறார்கள். பொன்னி எல்லாம் நெல்தான், நெல்லெல்லாம் பொன்னி இல்லை என்றேன். அது உடனே புரிந்தது. படத்துக்கு வந்ததும் மறந்துவிடுகிறது. ஈர்க்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ட்யூபில் கோத்துச் சதுரம் செய்து, மூலையை அழுத்தி, நான்கு பக்கமும் சமமான சாய்சதுரமாக்கிக் காட்டினேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சதுரம் சாய்சதுரமாக மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். மாறுவதல்ல, சதுரம் எப்போதுமே சாய்சதுரத்துக்குள் அடக்கம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இனி மீதி இருப்பது மூலைவிட்டம்தான், அதாவது எதிரெதிர் மூலைகளைச் சேர்க்கும் கோடு. இரண்டும் ஒன்றையொன்று இருசமமாக வெட்டினால் இணைகரம் (எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருப்பது). அதோடு நீளம் சமமானால் செவ்வகம், செங்குத்தாக வெட்டினால் சாய்சதுரம், இரண்டும் சேர்ந்தால் சதுரம்.

வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பெயர் எதுவும் சொல்லாமல், இரண்டு குச்சியைக் குறுக்கே வைத்து இதிலிருந்தே ஆரம்பித்தால் பிள்ளைகளுக்குப் பிடிபடுமா?